சுண்ணாம்பு ஆகாத செடி

மாதாபட்டி,
திருச்சுழி தாலுகா.
9.2.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு அஷ்லின் எழுதுவது. இங்கே நான், அம்மா, அப்பா மூன்று பேரும் இருக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தாண்டிக்குடியில் மாசி வரைக்கும் பனி விழும் என்று அண்ணன் சொல்வார். சளி பிடிக்காமல் இருங்கள்.

உங்கள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து முகவரி எழுதினேன். போனில் பேசாமல் கடிதம் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அண்ணன் இறந்த நாளில் இருந்து நான் போனைத் தொடுவதில்லை. பத்தாம் வகுப்புக்கும் போகவில்லை. ஆடு மேய்க்கிறேன்.

ஒரு செடியைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். நீங்கள் கல்யாணமாகி வந்தபோது இரண்டு எண்ணெய் டின்னில் இரண்டு செடி கொண்டுவந்தீர்கள். ஒன்று காப்பி, ஒன்று பூச்செடி என்றீர்கள். அண்ணனின் முப்பதாம் நாள் பூசை முடிந்து உங்கள் வீட்டார் உங்களைக் கூட்டிப்போன மறுநாள் அம்மா இரண்டையும் குப்பைமேட்டில் வீசிவிட்டாள். ஒன்றை ஆடு தின்றுவிட்டது. மற்றதை நான் எடுத்து ஒளித்துவைத்து, அண்ணன் கல்லறையின் தலைமாட்டில் நட்டேன்.

"இவ போன் போட்டுத்தான் ரோட்டுல போன என் பிள்ளை செத்தான். இவ கல்லறைப் பக்கம் கால் வைக்கக் கூடாது" என்று அம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள் அல்லவா? நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நீங்கள் வர முடியாது, உங்கள் செடியாவது அண்ணனிடம் இருக்கட்டும் என்றுதான் நட்டேன்.

அது இப்போது சாகக் கிடக்கிறது. இலை எல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் மீன்முள் மாதிரி பச்சையாகத் தெரிகிறது. இது எந்தச் செடி என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு இலை வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கோபம் இருந்தால் பதில் போட வேண்டாம். செடியைப் பற்றி மட்டும் ஒரு வரி போட்டாலும் போதும்.

உங்கள்
அஷ்லின்

•

தாண்டிக்குடி
2.3.2025

அஷ்லினுக்கு,

நாங்கள் நலம். உன் அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ வைத்த இலை கருப்புத் தூளாக வந்து சேர்ந்தது. அதைப் பார்த்து நான் என்ன சொல்வது? காப்பியும் பூச்செடியும் சின்னதில் அக்காள் தங்கை மாதிரி இருக்கும். பூவும் இரண்டுக்கும் வெள்ளைதான்.

ஒரு கணுவில் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணிப் பார். காப்பி என்றால் எப்போதும் இரண்டு. எங்காவது ஒரு கணுவில் மூன்று இருந்தால் எழுது. இலையின் ஓரம் அலை அலையாக இருக்கிறதா என்றும் பார்.

அந்தச் செடியை நீ எடுத்திருக்க வேண்டாம். எடுத்துவிட்டாய். சரி.

ஜெசிந்தா

•

மாதாபட்டி
16.3.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு, இங்கே எல்லாரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், அப்பா இரண்டு நாள் நொண்டாமல் நடந்தார். உங்கள் கடிதத்தை நான் சட்டைத்துணி மடிப்பில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்தால் கேட்பாள். தபால்காரர் தவசி அண்ணன் ஆடு மேயும் இடத்துக்கே வந்து என் கையில் கொடுத்துவிடுகிறார்.

இலையை எண்ணினேன். மொத்தமே பதினான்கு இலைதான். கீழே இரண்டு இரண்டாக இருக்கிறது. மேலே ஒரு கணுவில் மூன்று. ஓரம் அலையாக இல்லை. தொட்டால் மெழுகு மாதிரி இருக்கிறது.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னால் பொறுக்க முடியாமல் ஒரு கிளையை உடைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு நாற்றுப் பண்ணை வாசலில் அரைமணி நேரம் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அந்த ஆளே கூப்பிட்டார்.

"என்னத்தா, வாங்க வந்தியா, விக்க வந்தியா?"

நான் கிளையை நீட்டினேன்.

"இது நந்தியாவட்டைல்ல. இதுக்கா பஸ் ஏறி வந்த? உங்க ஊரு வேலி பூராம் இதுதானே நிக்கும்."

இல்லை என்று எனக்குத் தெரியும். நந்தியாவட்டையைக் கிள்ளினால் பால் வரும். இதில் வரவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் அவர் முன்னாலேயே காம்பைக் கிள்ளிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அடேயப்பா, பேசாமலே சண்டை போடுறாளே இந்தப் பிள்ளை" என்று சிரித்தார். பெயர் அவருக்கும் தெரியவில்லை.

படம் வரைந்து வைத்திருக்கிறேன். மூன்று இலைக் கணுவைப் பெரிதாக வரைந்திருக்கிறேன்.

உங்கள்
அஷ்லின்

•

தாண்டிக்குடி
6.4.2025

அன்புள்ள அஷ்லினுக்கு,

நலம். உன் படம் நன்றாக இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். "வெண்ணெய்ப்பூ இது!" என்று உடனே சொல்லிவிட்டார்.

அது எங்கள் வீட்டில் வைத்த பெயர். கடைக்காரருக்குத் தெரியாதது தப்பில்லை. மொட்டு விளக்குத்திரி மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். விரியும்போது பால் வெள்ளை. இரண்டாம் நாள் வெண்ணெய் நிறம். மூன்றாம் நாள் பழைய நெய் மாதிரி மஞ்சளாகி உதிரும். ஒரு பூ வீட்டுக்குள் இருந்தால் போதும், அடுப்படி வரைக்கும் வாசனை வரும். உன் அண்ணன் மிளகு லோடு ஏற்ற எங்கள் வீட்டுக்கு முதல்முதல் வந்தபோது, "இங்க யாரு சென்ட் பாட்டிலை உடைச்சது?" என்று கேட்டார். அம்மா செடியைக் காட்டினார். லோடு ஏற்றாமல் அதன் பக்கத்திலேயே நின்றார்.

உங்கள் வீட்டில் இரண்டு வருசம் டின்னில் இருந்ததே தவிர மொட்டே விடவில்லை. கரிசல் காற்றுக்குக் கோபித்துக்கொண்டது என்று அவர் கேலி செய்வார். டின்னில் எங்கள் மலையின் செம்மண் இருந்ததால் உயிராவது இருந்தது. நீ அதைக் கரிசலில் நட்டிருக்கிறாய். அந்த மண்ணில் அதனால் சாப்பிட முடியாது. சோறு எதிரில் இருந்தும் தொண்டையில் இறங்காத ஆள் மாதிரி.

இப்போது உண்மையைச் சொல். அதற்கு நீ என்னென்ன ஊற்றினாய், என்னென்ன போட்டாய்? ஒன்றுவிடாமல் எழுது.

உன் அண்ணி
ஜெசிந்தா

•

மாதாபட்டி
21.4.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு ஈஸ்டர் வாழ்த்துகள். அங்கே எல்லாரும் சுகமா? நேற்று அம்மா கறி எடுக்கவில்லை. மூன்று பேருக்கு என்ன கறி என்றாள்.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். வாரம் ஒரு முறை அடுப்புச் சாம்பல் போட்டேன். தக்காளிக்குப் போட்டால் நன்றாக வருமே என்றுதான். தண்ணீர் தினமும் இரண்டு குடம், போர்த் தண்ணீர். ஊற்றி ஊற்றி மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பூச்சி வராமல் இருக்கத் துணி துவைத்த சோப்புத் தண்ணீர் இரண்டு முறை.

அப்புறம் சுண்ணாம்பு. போன நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அம்மா அண்ணன் கல்லறைக்கு மூன்று பூச்சு வெள்ளை அடித்தாள். எல்லாக் கல்லறையையும் விட அதுதான் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று அழுதுகொண்டே அடித்தாள். வாளியில் மிச்சம் இருந்ததைக் கீழே கொட்டக் கூடாது, அண்ணனுக்குக் கலக்கியது என்று செடியின் தூரில் சுற்றிலும் ஊற்றச் சொன்னாள். அது உங்கள் செடி என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் நட்ட ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் ஊற்றினேன்.

அதற்குப் பிறகுதான் மஞ்சளானது. அண்ணி, நான் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

உங்கள்
அஷ்லின்

•

தாண்டிக்குடி
11.5.2025

அன்புள்ள அஷ்லினுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. சாம்பல், உப்புத் தண்ணீர், சோப்பு, சுண்ணாம்பு! வெண்ணெய்ப்பூவைக் கொல்வதற்கு என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஊற்றியிருக்கிறாய். அதுவும் அண்ணன்மேல் இருக்கிற பிரியத்தில். கெட்ட எண்ணம் என்று யார் சொன்னார்கள்?

இனி செய்ய வேண்டியதைக் கேள். கல்லறையைத் தோண்டாதே. செடியை வேர் மண்ணோடு மெல்ல எடு. பெரிய எண்ணெய் டின் ஒன்றின் அடியில் நாலு ஓட்டை போட்டு, அதே இடத்தில் தரைமேல் வை. உள்ளே செம்மண்ணும் மக்கின இலையும் பாதிப் பாதி. அதில் நடு. கரிசலை அது தொடாமல் இருக்கட்டும். போர்த் தண்ணீர் ஒரு சொட்டு கூடாது. மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீர். வாரம் ஒரு நாள் புளித்த மோரை நீர்க்கக் கரைத்து ஊற்று. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் பச்சையாக ஒரு உப்புத் தருவார்கள். இரும்புச் சத்து. எங்கள் ஊரில் ஆரஞ்சு மரம் மஞ்சளித்தால் இதைத்தான் கொடுப்பார்கள். ஒரு குடத்துக்கு ஒரு சிட்டிகை, மாதம் ஒரு முறை. பிரியத்தில் ஒரு கை அள்ளிப் போட்டுவிடாதே.

சுண்ணாம்பு இனி அந்தப் பக்கமே வரக் கூடாது. போன தடவை ஊற்றிய ஒரு வாளியே போதும், அதற்கு மேல் தாங்காது.

உன் அண்ணி
ஜெசிந்தா

•

மாதாபட்டி
15.6.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு, எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தில் இருந்தபடி எல்லாம் செய்துவிட்டேன்.

தங்கமாரி அக்கா புது வீடு கட்ட அடிமனை நிரப்பச் செம்மண் லோடு இறக்கியிருந்தார். கேட்க வாய் வராமல் இரண்டு நாள் அவர் வாசலில் போய்ப் போய் நின்றேன். மூன்றாம் நாள் அவரே, "ஏண்டி வாயில்லாப் பூச்சி, எதுக்கு என் வாசலையே சுத்துற? எங்க வீட்டுக் கொத்தனாரு பையனப் பாக்கவா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மண்ணைக் காட்டினேன். "அட, மண்ணா! தின்னவா போற? நாலு சாக்கு அள்ளிக்கிட்டுப் போ" என்றார்.

ஊருணி வற்றிவிட்டதால் கேனில் வாங்கும் குடிதண்ணீரில் என் பங்கு ஒரு செம்பை ஊற்றுகிறேன். அன்னபேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து வாங்கினேன். போன வாரம் உச்சியில் ஒரு இலை முளைத்திருக்கிறது. நகம் அளவுதான். ஆனால் முழுப் பச்சை.

அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, உங்களுக்கு இதை எழுதாமல் இனி செடியைப் பற்றியும் எழுத முடியாது என்று தோன்றியது.

அன்றைக்கு அண்ணனுக்குப் போன் செய்தது நான்.

ஆட்டுக்குப் புண்ணாக்குத் தீர்ந்துவிட்டது, கடை அடைக்கும் முன்னால் வாங்கி வரச் சொல்லு என்று அம்மா சொன்னாள். அப்பா போனில் காசு இல்லை. நீங்கள் பின்னால் குளித்துக்கொண்டு இருந்தீர்கள். உங்கள் போன் சார்ஜில் கிடந்தது. எடுத்துப் போட்டேன். அண்ணன் வண்டியில் இருப்பார் என்று நினைக்கவில்லை. "சொல்லு ஜெசி" என்றார். எனக்குத்தான் பேச்சு உடனே வராதே. அண்ணனிடம்கூட வராது. அந்த நேரத்துக்குள் அவர் "ஜெசி, கேக்குதா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு சத்தம் கேட்டது.

நான் உடனே "அண்ணே, நான்தான்" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிசத்தில் போனை வைத்திருப்பார். பாலவனத்தம் ரோட்டில் நின்ற அந்த லாரியைப் பார்த்திருப்பார்.

அவர் போனில் கடைசியாக உங்கள் பெயர் இருந்தது. எல்லாரும் உங்களைச் சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தகுதி இல்லை.

அஷ்லின்

•

தாண்டிக்குடி
24.8.2025

அன்புள்ள அஷ்லினுக்கு,

பதில் போடப் பத்து வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

போன் செய்தது நீ என்று எனக்கு அன்றைக்கே தெரியும். குளித்துவிட்டு வந்தபோது சார்ஜர் வயர் மட்டும் தொங்கியது. போன் தரையில் கிடந்தது. நீ சுவரோடு ஒட்டி நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் நான் என்ன சொல்ல முடியும்? உனக்குப் பதினைந்து வயது. அத்தை உன்னையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தினமும் எழுந்து அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். எனக்குப் போக ஒரு வீடு இருந்தது. உனக்கு வேறு வீடு இல்லை.

அதனால் அந்தப் பழியை நான் எடுத்துக்கொண்டேன். நீ கேட்டு நான் செய்யவில்லை. நீ கடன்பட்டதாக நினைக்காதே. பேச்சு வராமல் போனதால் அண்ணன் செத்தார் என்றும் நினைக்காதே. ஓடுகிற வண்டியில் போனை எடுத்தது அவர். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரியாது. அதை நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வாரமும் அந்த இரண்டு வரியைத்தான் படித்துக்கொண்டு இருந்தேன்.

இன்னொன்று. எனக்கு மறுகல்யாணம் செய்துவைக்க எங்கள் அண்ணன் அவசரப்படுகிறான். பண்ணைக்காட்டில் ஒருவர். மனைவி இறந்துவிட்டார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

போன் விசயத்தை யாரிடமும் சொல்லாதே. அத்தையிடம் சொல்லவே சொல்லாதே. இது நான் உன்னிடம் கேட்கிற ஒன்றே ஒன்று.

உன் அண்ணி
ஜெசிந்தா

•

மாதாபட்டி
15.9.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு, நாங்கள் சுகம். நேற்று அண்ணனுக்கு முதல் வருசப் பூசை. சாமியார் குடும்பத்தார் பெயரைப் படித்தார். உங்கள் பெயரை அம்மா சேர்க்கச் சொல்லவில்லை. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

செடியில் புது இலை பதினொன்று. பழைய மஞ்சள் இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. சுற்றிலும் கருவேல முள் வெட்டி வைத்திருக்கிறேன், ஆடு வராது.

நரிக்குடி பஸ்ஸில் ஒரு ஆரஞ்சு வியாபாரி வந்தார். பண்ணைக்காடு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று அவரிடம் கேட்டேன். நானாகவே கேட்டேன். மூன்று பஸ் மாற வேண்டுமாம்.

அந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?

உங்கள்
அஷ்லின்

•

மாதாபட்டி
26.10.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு, உங்களிடம் இருந்து பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே மழை ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் கேட்ட ஒன்றே ஒன்றை நான் காப்பாற்றவில்லை. எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அம்மா கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு ஊற வைத்தாள். போன வருசத்தை விட அதிகம். நான் பக்கத்தில் போய் நின்று, "வேண்டாம்மா" என்றேன்.

"என்னது வேண்டாம்?"

"சுண்ணாம்பு. செடிக்கு ஆகாது."

"செடிக்காக என் பிள்ளை கல்லறைய வெள்ளையடிக்காமப் போடவா? பிடுங்கி எறி அந்தச் சனியன. யாரு சொன்னா ஆகாதுன்னு?"

அம்மா வாளியைத் தூக்கினாள். நாளைக்கே போய் அடிக்கப் போகிறேன் என்றாள். அப்போது வாய் தானாக வந்துவிட்டது.

"அண்ணி சொன்னாங்க. அது அண்ணி செடி."

அம்மா வாளியைத் தொப்பென்று கீழே வைத்தாள். "என் பிள்ளையக் கொன்னவ செடியவா அவன் தலைமாட்டுல நட்டு வச்ச? ஏண்டி, நீயும் எனக்குத்தான பெறந்த?" என்று கத்தினாள். அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் வாசலை மறித்து நின்றேன். நான் அம்மாவை மறித்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணி போன் போடலம்மா. நான் போட்டேன்."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அரிவாளோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். "யாரு போடச் சொன்னது?" என்று கேட்டாள்.

"சொல்லுடி. யாரு சொல்லி நீ போட்ட? புண்ணாக்குக்கு அனத்துனது யாரு? நான்தானே" என்றாள்.

அண்ணி, அம்மாவுக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. "நான்தான் போடச் சொன்னேன்னு எப்படிச் சொல்லுவேன். யாரையாச்சும் திட்டலைன்னா அன்னைக்கே மருந்தக் குடிச்சிருப்பேன். அவ வாயத் தொறக்காம நின்னா. அதான் அவளைத் திட்டுனேன். இன்னும் திட்டு திட்டுன்னு நின்னாளே பாவி மக" என்றாள். பிறகு சுண்ணாம்பு வாளியைத் தானே எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

இன்று பூசை முடிந்து உங்கள் கடிதங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பண்ணைக்காட்டு விசயம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். நான் உங்களுக்கு என்ன எழுத என்று கேட்டேன்.

"ரெண்டாந்தேதி வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு எழுது."

"மறுகல்யாணத்துக்கு வாழ்த்து எழுதட்டுமா?"

"அதெல்லாம் எழுதாத. வரச் சொல்லி மட்டும் எழுது."

அதனால் அதை மட்டும் எழுதுகிறேன். வாருங்கள் அண்ணி. கல்லறைக்கு வாருங்கள்.

உங்கள்
அஷ்லின்

•

மாதாபட்டி
4.11.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு, அங்கே எல்லாரும் சுகமா என்று தெரியவில்லை.

கல்லறைத் திருநாளில் எல்லாக் கல்லறையும் வெள்ளையாக இருந்தது. அண்ணனுடையது மட்டும் மழையில் கறுத்துக் கிடந்தது. "ஏன் சவுந்தரம், சுண்ணாம்புக்குக்கூட வக்கில்லாமப் போச்சா?" என்று பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கேட்டார்கள். "என் மருமக செடி நிக்குது. அதுக்கு ஆகாது" என்று அம்மா சொன்னாள். உங்களை மருமகள் என்று சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

சாமியார் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. மூன்று மணி பஸ் வந்தது. ஐந்து மணி பஸ் வந்தது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். உங்களிடம் என்ன பேசுவாய் என்று கேட்டேன். "சாப்பிட்டியான்னு கேப்பேன். வேற என்னத்தக் கேக்க" என்றாள். ஏழு மணி பஸ்ஸும் போன பிறகு வீட்டுக்கு வந்தோம்.

நீங்கள் வராதது சரிதான். எனக்குப் புரிகிறது. அம்மாவுக்குத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள்
அஷ்லின்

•

தாண்டிக்குடி
9.11.2025

அன்புள்ள அஷ்லினுக்கு,

நலம். உன் இருபத்தாறாம் தேதிக் கடிதம் போன புதன்கிழமைதான் வந்தது. மழையில் மலை ரோட்டில் மண் சரிந்து ஒரு வாரம் பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. அடுத்த கடிதம் நேற்று வந்தது. கோபத்தில் நான் வரவில்லை என்று அத்தை நினைக்க வேண்டாம். முதல் தேதிக்குள் கடிதம் வந்திருந்தால் நான் சரிந்த மண்ணை நடந்தே தாண்டி வந்திருப்பேன். இதை அத்தைக்குப் படித்துக் காட்டு.

உன் செப்டம்பர் கடிதத்துக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. அது வந்த அன்றைக்கே நான் பண்ணைக்காட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அதை உனக்கு எழுதக் கை வரவில்லை. குழந்தையின் பெயர் ரோஸி. கோவிலில் மூன்றாவது கல்யாண ஓலை இன்று வாசித்தார்கள். புதன்கிழமை கல்யாணம்.

நீ அத்தையிடம் சொல்லிவிட்டாய். உன்மேல் வருத்தம் இல்லை. பேசத் தெரியாத பிள்ளை வாசலை மறித்து நின்று பேசியிருக்கிறாய். ஆனால் உண்மையை எழுதுகிறேன். நான் சொல்லாதே என்று சொன்னது உனக்காக மட்டும் இல்லை. அந்தப் பழி என்மேல் இருக்கும்வரை அந்த வீட்டில் எனக்கு ஒரு இடம் இருந்தது. அத்தை தினமும் என்னைத் திட்டுவார்கள். திட்டுவதற்காவது என்னை நினைப்பார்கள். உன் அண்ணன் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் என் பெயரும் வரும். இப்போது அதுவும் இல்லை. மருமகள் என்று சொல்லிவிட்டார்கள். நான் அதைக் கேட்க அங்கே இல்லை. இனி இருக்கவும் முடியாது.

அத்தை கேட்க நினைத்ததற்குப் பதில்: சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

பண்ணைக்காட்டு முகவரியைத் தரவில்லை. அவர் நல்லவர், கடிதம் வந்தால் என்னிடம் கொடுத்துவிடுவார், நீ தேடிப் போடாதே. அந்த வீட்டில் ஒரு குழந்தை என்னை அம்மா என்று கூப்பிடக் காத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து உன் அண்ணன் கல்லறையைப் பற்றிப் படித்து என்னால் அழ முடியாது.

உன் அண்ணி என்று எழுதித்தான் பழக்கம். கீழே அதை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்திருக்கிறேன், பார். புதுத் தாள் எடுக்க மனம் வரவில்லை.

ஜெசிந்தா